கன்னிமூலையில் இருந்தது

அந்த முற்றத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. அதை எவரும் எழுதி ஒட்டவில்லை, எவரும் எவருக்கும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. ஆனாலும் பாரிசின் லா சப்பலில், ரூ காய் தெருவில் கடை வைத்திருப்பவர்கள் முதல் அங்கே மரக்கறிப் பெட்டி இறக்க வருபவர்கள் வரை எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டே நடந்தார்கள். உள்ளே எது உடைந்தாலும், எது கசிந்தாலும், வெளியாரைக் கூப்பிடக் கூடாது. தண்ணீர்க் குழாய் வெடித்தால் யாரோ ஒருவரின் மருமகன் புறநகர் செவ்ரானிலிருந்து குறடும் கையுமாக வந்து சேருவான். மின்சாரம் நின்றால் இன்னொருவரின் மச்சான் வருவான். களவு போனால்கூடப் பொலிசுக்குப் போவதில்லை. அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. ஒன்றைப் பார்க்க வரும் அதிகாரி அந்த ஒன்றோடு திரும்பிப் போவதில்லை. குழாயைப் பார்த்த கண் கம்பிக்குப் போகும், கம்பியிலிருந்து சுவருக்குப் போகும், சுவரிலிருந்து அங்கே நின்று வேலைசெய்பவனின் விசாவுக்குப் போகும்.

தாட்சாயினியின் பிழைப்பு இந்தச் சட்டத்தின் நிழலில்தான் நடந்தது. காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வீட்டுச் சேதங்களை மதிப்பிடும் வேலையில் பல வருடங்கள் இருந்துவிட்டு, முறைப்படி அனுமதி பெற்றுத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். பொலிசுக்குப் போக விரும்பாதவர்கள் அவளிடம் வந்தார்கள். சேலைக்கடை ஒன்றின் மாடியில் ஒரு மேசை, சில நாற்காலிகள், ஜோனத்தான் என்ற உதவியாளன். அவன் புதுச்சேரிக் குடும்பத்தில் பாரிசில் பிறந்தவன், முதலாளி என்ற பொருளில் அவளை 'பத்ரோன்' என்றே கூப்பிடுபவன். அவனுடைய வாய்க்குத் தனியாக ஒரு சம்பளம் கொடுக்கலாம் என்று அவள் அடிக்கடி நினைத்ததுண்டு.

பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம் இருவரும் வாமதேவனின் கடைக்குப் போனார்கள். அது தெருவில் இல்லை. ஒரு வளைவுக்குள் நுழைந்து, முற்றத்தைக் கடந்தால் கடைசியில் நின்றது. ஒருகாலத்தில் கீழே குதிரைகளும் மேலே வைக்கோலும் இருந்த மரச்சட்ட வீடு. வெளியே சாந்து பூசிக் கல்வீடு போலக் காட்டியிருந்தார்கள். கீழே பலசரக்குக் கடை. மேலே வாமதேவனின் மைத்துனி அஜந்தா சனிக்கிழமைகளில் நடத்தும் நடன வகுப்பு.

வாமதேவன் வழக்கை ஒழுங்காகச் சொன்னார். கடந்த சில மாதங்களில் இரண்டு முறை, வகுப்பு முடிந்து பிள்ளைகள் புறப்படும்போது மாடிக் கதவு பூட்டியிருந்தது. இரண்டாம் முறை ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டிவிட்டது. பெரிய சுவர்க்கண்ணாடி ஒன்றும் உடைந்திருந்தது. மாடிக்குச் சாவி இரண்டே இரண்டு. ஒன்று அஜந்தாவிடம். மற்றது கடையில் வேலைசெய்யும் கீர்த்தனனிடம், மண்டபத்தைக் கூட்டுவது அவன் பொறுப்பு என்பதால். பிள்ளைகள் குதிக்கும்போது தூள் டின்கள் தட்டிலிருந்து விழுகின்றன என்று அவன் அஜந்தாவோடு வாய்த்தர்க்கப்பட்டதும் முற்றத்துக்கே தெரியும்.

"ஆதாரம் இல்லாமல் ஒருத்தனை வெளியிலை விடுறது எனக்குப் பிடிக்காது, தங்கச்சி" என்றார் வாமதேவன். "அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டது. இண்டைக்கு ஆதாரத்தைத் தாங்கோ. பின்னேரம் அவன்ரை கணக்கை முடிச்சு அனுப்புறன்."

பொலிசில் முறையிட்டிருக்கலாமே என்று ஜோனத்தான் தன் பிரெஞ்சு வாசனைத் தமிழில் கேட்டான். கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோல வாமதேவன் அவனைப் பார்த்தார்.

கீர்த்தனன் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவன், பொண்டி என்ற புறநகரில் ஓர் அறையில் இருப்பவன். தாட்சாயினி அவனைத் தனியே அழைத்துக் கதைத்தபோது அவன் தன்னைப் பற்றி அழுது தீர்க்கவில்லை. தன்னுடைய வதிவிட அனுமதிக் காட் அடுத்த மாதம் முடிகிறது என்றும், புதுப்பிக்கப் பொபினியில் உள்ள பிரிபெக்சர் அலுவலகத்துக்கு வேலை ஒப்பந்தமும் முதலாளியின் கடிதமும் கொண்டுபோக வேண்டும் என்றும் சொன்னான்.

"நான் பூட்டேல்லை அக்கா. ஆனால் நான் பூட்டேல்லை எண்டதுக்கு என்னட்டை என்ன இருக்கு? சாவி என்னட்டைத்தானே இருக்கு."

தன்னைக் குற்றவாளியாக்கும் பொருளைத் தானே தூக்கிக் காட்டிய அந்தப் பேச்சு தாட்சாயினிக்குப் பிடித்திருந்தது. பிடித்திருப்பது ஆதாரமாகாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

மாடிக்குப் போகுமுன் கடையை ஒருமுறை சுற்றினாள். வாமதேவன் பெருமையோடு கூட வந்தார். முன்பு இந்தத் தளம் சின்னச் சின்ன அறைகளாக இருந்ததாம். வாங்கியதும் சுவர்களையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே வெளியாக்கிவிட்டார். காசு மேசையில் இருந்தபடியே கடைசித் தட்டு வரை பார்க்கலாம், ஒரு மிளகாய்த்தூள் பக்கற் எவருடைய சட்டைக்குள்ளும் போக முடியாது. மேலேயும் அப்படித்தான், நடன வகுப்புக்காக எல்லாம் திறந்த வெளி. கீழே, தென்மேற்கு மூலையில் ஒரு தடித்த மரம் குறுக்கே சாய்வாக நின்று பார்வையை மறைத்ததாம். அதையும் பழக்கமான பெடியளைக் கொண்டு அறுத்தாயிற்று. மரம் பொருந்தியிருந்த பள்ளம் தூணில் இன்னும் தெரிந்தது. அதன் மேல் ஒரு நாட்காட்டி தொங்கியது.

அந்த மூலையில் இப்போது அரிசி மூட்டைகள் நின்றன. இரண்டு தூண்களுக்கு நடுவே, தரையிலிருந்து உத்தரம் வரை, கத்தி நுழைய இடமில்லாமல் இறுக்கி அடுக்கப்பட்டிருந்தன. கடைசி மூட்டையைக் கீர்த்தனன் தோளால் இடித்துத்தான் செருகுவானாம்.

"கன்னிமூலை" என்றார் வாமதேவன். "பாரம் அங்கைதான் இருக்கவேணும். அப்பத்தான் வியாபாரம் நிலைக்கும்."

"எங்க வீட்டுல கன்னிமூலையில வாஷிங் மெஷின் இருக்கு" என்றான் ஜோனத்தான். "துணி மட்டும்தான் நிலைக்குது."

தாட்சாயினி அவனைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளினாள்.

அவளுடைய திட்டம் எளிமையானது. வகுப்பு வழக்கம்போல நடக்கட்டும். இரண்டு சாவிகளும் ஜோனத்தானின் சட்டைப்பைக்குள் போகட்டும். கீர்த்தனன் கீழே அல்ல, மேலே, அவள் பக்கத்தில், அவள் கண்ணெதிரே இருக்கட்டும். கதவு திறந்தால், வெளியே நின்று பூட்டியவன் அவன்தான் என்ற சந்தேகம் வலுக்கும். திறக்காவிட்டால் அவன் தப்பினான். ஒரு மனிதனின் எதிர்காலத்தை ஒரு கதவிடம் ஒப்படைப்பது அவளுக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

மண்டபம் அகலமானது, நடுவில் ஒரு தூண்கூட இல்லை. தரைப்பலகையில், எடுத்த சுவர்களின் தடம் வெளிறிய கோடுகளாகக் கிடந்தது. முற்றத்தைப் பார்த்த ஜன்னல்களுக்கெல்லாம் வாமதேவன் களவுக்குப் பயந்து இரும்புக் கம்பி போட்டிருந்தார். ஓரத்தில், நடராசர் படத்துக்கு முன்னால், ஒரு தூணை ஒட்டி நீண்ட சங்கிலியில் தூக்குவிளக்கு ஒன்று தொங்கியது. எதிர்ச் சுவரில் அந்த உடைந்த கண்ணாடி.

பிள்ளைகள் வரிசைகட்டினார்கள். அஜந்தா தட்டுக்கழியை எடுத்தாள். பாதங்கள் ஒரே நேரத்தில் வலப்பக்கம் போயின, ஒரே நேரத்தில் இடப்பக்கம் வந்தன. பலகை அதிர்ந்தது. ரூ காய்க்கு அப்பால் பாலத்தில் ஒரு மெட்ரோ போனபோது அதிர்வு இரட்டித்தது. கீழே, முற்றத்தில், ஒரு வேன் பின்னோக்கி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பொங்கலுக்கு அரிசி ஏற்ற வந்திருக்கிறார்கள் என்று கீர்த்தனன் மெதுவாகச் சொன்னான். தான் கீழே நிற்க வேண்டிய நேரம் என்ற தவிப்பு அவன் முகத்தில் இருந்தது.

வகுப்பு முடிந்தது. அஜந்தா கதவுக்குப் போய்க் கைப்பிடியை இழுத்தாள். கதவு அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். பிறகு, பழக்கதோஷத்தால், கோபமாகக் கீர்த்தனன் பக்கம் திரும்பினாள். அவன் தாட்சாயினிக்குப் பக்கத்தில், கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். 

ஜோனத்தான் சட்டைப்பையிலிருந்து சாவிகளை எடுத்துக் குலுக்கிக் காட்டினான். "சாவி என்கிட்ட இருக்கு. குற்றவாளி பத்ரோன் பக்கத்துல இருக்காரு. கதவு மட்டும்தான் ஆலிபி சொல்லல."

கீர்த்தனன் நீண்ட மூச்சு ஒன்றை விட்டான். மாதக்கணக்காக அடக்கிவைத்திருந்த மூச்சு அது. வழக்கு முடிந்துவிட்டது என்று அவன் நினைத்திருக்கவேண்டும். தாட்சாயினி அப்படி நினைக்கவில்லை. குற்றவாளி இல்லாத இடத்தில் குற்றம் நடந்துகொண்டிருந்தது, அதுவும் அவர்கள் அதன் உள்ளே இருக்கும்போது.

அவள் கதவருகே குந்தினாள். பூட்டின் நாக்கு வெளியே வரவேயில்லை, கதவு பூட்டப்படவில்லை. தன் மெட்ரோ அட்டையை எடுத்துக் கதவின் மேல் விளிம்பில் செருகிப் பார்த்தாள். கீல் இருந்த மூலையில் அட்டை நுழையவில்லை. அதே விளிம்பின் மறுமூலையில் அவளுடைய விரலே நுழைந்தது. கீழே, கைப்பிடிப் பக்கத்து மூலை நிலைப்படியைக் கடித்துக்கொண்டிருந்தது.

"கதவு சதுரமாத்தான் இருக்கு" என்றாள். "நிலைதான் சதுரமில்லை."

"அப்படீன்னா?"

"அந்த விளக்கைப் பாரும்."

ஜோனத்தான் பார்த்தான். விளக்கின் சங்கிலி உச்சியில் தூணை ஒட்டியும், கீழே தூணிலிருந்து ஒரு கையளவு விலகியும் நின்றது. யாரோ கொக்கியை வளைத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தான் ஐப்பசி மாதம் அதைச் சரிசெய்யப் பார்த்ததாக அஜந்தா சொன்னாள். பிறகு அதுவாகவே நேராகிவிட்டதாம்.

"சங்கிலி எப்பவும் நேராத்தான் தொங்கும்" என்றாள் தாட்சாயினி. "சாய்ஞ்சது தூண்."

அவள் கண்ணாடியின் முன்னால் போய் நின்றாள். காப்புறுதி வேலையில் உடைந்த கண்ணாடிகள் நிறையப் பார்த்தவள். எறிந்து உடைத்த கண்ணாடியில் எறிந்த இடம் தெரியும், அங்கிருந்து கீறல்கள் நான்கு பக்கமும் ஓடும். இந்தக் கண்ணாடியில் அப்படி ஒரு மையம் இல்லை. மேல் மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒரே ஒரு நீண்ட கீறல். இதை எவனும் அடிக்கவில்லை. இரண்டு பக்கமும் பிடித்து முறுக்கியது யார் என்பதுதான் கேள்வி. அதற்கும் அவள் பதிலை நெருங்கிவிட்டாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பிள்ளைகளை நடுவில் அமைதியாக உட்காரச் சொன்னாள். ஒருவரும் குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது. அவர்கள் பிரெஞ்சில் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்களில் மெலிசா என்பவள் நாங்கள் சாகப்போகிறோமா என்று ஜோனத்தானிடம் கேட்டாள். திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை இருப்பதால் அப்படிப்பட்ட அதிர்ஷ்டம் கிடைக்காது என்று அவன் அதே மொழியில் உறுதியளித்தான். சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை என்பதைத் தாட்சாயினி கவனித்தாள்.

விளக்கடியில் இருந்த தீப்பெட்டியை எடுத்து வந்தாள். குச்சிகள் இருந்த உள்பெட்டியைத் தள்ளி வெளியே எடுத்தாள். வெறும் மேலுறையை இரண்டு விரலால் பக்கவாட்டில் அழுத்தினாள். அது சத்தமில்லாமல் சரிந்து தட்டையாகியது.

"மரச்சட்ட வீடும் இப்படித்தான். மேலை எவ்வளவு பாரம் வைச்சாலும் தூண் தாங்கும். பக்கவாட்டிலை தள்ளினால் தூணால ஒண்டும் செய்யேலாது. அதுக்குத்தான் உள்ளுக்குச் சுவரும் குறுக்குச் சட்டமும். அண்ணை ரெண்டையும் எடுத்துப்போட்டார். பிள்ளையள் எல்லாரும் சேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடேக்கை வீடும் சேர்ந்து ஆடுது."

"அப்போ எப்பவோ விழுந்திருக்கணுமே, பத்ரோன்? ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆடுறாங்க. கதவு ரெண்டு தடவைதானே மாட்டிச்சு?"

நல்ல கேள்வி. வாயாடிகளின் தொல்லையே இதுதான், இடையிடையே சரியான கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். தாட்சாயினி உள்பெட்டியை மறுபடி மேலுறைக்குள் தள்ளினாள். இப்போது எவ்வளவு அழுத்தினாலும் தீப்பெட்டி சாயவில்லை. எதுவோ ஒன்று இந்த வீட்டின் உள்பெட்டியாக இருந்திருக்கிறது. மற்ற நாட்களில் இருந்தது, அந்த இரண்டு நாட்களில் இல்லாமல் போயிருக்கிறது.

அந்த இரண்டு நாட்களும் எப்போது என்று அஜந்தாவைக் கேட்டாள். அவள் யோசித்துச் சொன்னாள்: முதலாவது, பிள்ளையார் கோயில் தேருக்கு முதல் நாள். மற்றது தீபாவளிக்கு முந்திய சனி. இன்றைக்குப் பொங்கல் சனி.

"பெருநாள் எண்டால் பேய் வேலைசெய்யுதோ?" என்று அஜந்தா தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அப்போது கீழே தொம்மென்று ஒரு சத்தம். பாரமான ஏதோ ஒன்று தள்ளுவண்டியில் விழுந்தது. சிறிது நேரத்தில் இன்னொன்று. ஒவ்வொரு சத்தத்துக்கும் பிறகு சுவருக்குள்ளிருந்து ஒரு மெல்லிய நெரிசல், ஈரமான கயிற்றை முறுக்குவதுபோல.

கீர்த்தனன் தலையைச் சாய்த்துக் கேட்டான். வேலைக்காரனின் எரிச்சல் அவன் குரலில் இருந்தது. "மூலை அடுக்கிலை கைவைக்கினம். நான் முன்னடுக்கைத்தான் எடுக்கச் சொன்னனான்."

தாட்சாயினி எழுந்தாள். தேருக்கு அன்னதானம். தீபாவளிக்குப் பலகாரம். பொங்கலுக்குப் பொங்கல். பெருநாளுக்குப் பேய் வரவில்லை, அரிசி போனது. புது மூட்டை வந்து கீர்த்தனன் தோளால் இடித்து இறுக்கியதும் வீடு நிமிர்ந்தது, விளக்குத் தானாக நேரானது, கதவு திறந்தது. வாமதேவன் அறுத்தெறிந்த குறுக்கு மரத்தின் வேலையை அதே இடத்தில் நின்று இத்தனை நாளும் அரிசி செய்துகொண்டிருந்தது. மரத்தை எடுத்ததும் அவர்தான், கன்னிமூலைக்குப் பாரம் வைத்ததும் அவர்தான். காசு மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்க்க முடிந்த மனிதர் இதைப் பார்க்கவில்லை.

அவள் வாமதேவனை அழைத்து, தொலைபேசியின் ஒலிபெருக்கியை அழுத்தினாள். அரிசியில் இனிக் கை வைக்க வேண்டாம் என்றும், எடுத்ததைத் திருப்பி அடுக்கவேண்டும் என்றும், ஏன் என்றும் சுருக்கமாகச் சொன்னாள்.  பிறகு வாமதேவன் தாழ்ந்த குரலில் சொன்னார், முதல் வேன் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மூலையில் மிஞ்சியது இடுப்பளவுகூட இல்லை.

"பயப்படாதேங்கோ. பெடியளை அலவாங்கோடை அனுப்புறன். கதவை உடைச்சு எடுப்பினம்."

"உடைக்கக் கூடாது, அண்ணை."

அதைச் சொன்ன பிறகே அதன் முழு அர்த்தமும் அவளுக்கு உறைத்தது. கதவின் மேல்மூலை நிலையின் தலையில் முட்டிக்கொண்டு நின்றது. எதிரேயுள்ள கீழ்மூலை நிலைப்படியில் ஊன்றிக்கொண்டு நின்றது. மூலைக்கு மூலை, அறுத்த அந்தச் சாய்வு மரம் நின்றதைப் போலவே. அந்தச் சுவரில் இப்போது வீட்டை நிமிர்த்திப் பிடித்திருந்தது இந்தக் கதவுதான். அதை எடுத்தால் வழி திறக்கும், வீடு மேலும் சரியும். தங்களை அடைத்துவைத்திருப்பதுதான் தங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்பதை அவள் முடிந்தவரை சாதாரணமாகச் சொல்ல முயன்றாள்.

ஜோனத்தான் கதவைப் பார்த்தான். "இவ்வளவு நேரம் அதைத் திட்டினதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்றான்.  பிறகு தீயணைப்புப் படையைக் கூப்பிடத் தன் கைபேசியை எடுத்தான். "பொம்பியே கிட்ட ஏணி இருக்கு, கம்பி அறுக்கிற மெஷின் இருக்கு, முட்டுக்கொடுக்கிற கட்டை இருக்கு. கூப்பிடுறேன்."

அவனுடைய மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். அது தன் கைதான் என்று அறிந்தபோது தாட்சாயினி திடுக்கிட்டாள்.

"ஒரு நிமிஷம் பொறும்" என்றாள்.

ஒலிபெருக்கியில் வாமதேவன் கேட்டுக்கொண்டிருந்தார். "தங்கச்சி, பொம்பியேக்குப் போன் போகக் கூடாது. அவங்கள் வந்தால் நகரசபை வரும். நகரசபை வந்தால் கடைக்குச் சீல். அனுமதி எடுத்தோ சுவரை உடைச்சனான்? இந்த முற்றத்திலை ஆர் எடுத்தவை? ஒவ்வொரு கதவாத் தட்டுவாங்கள். உங்களை நான் கூப்பிட்டதே விஷயம் வெளியிலை போகக் கூடாது எண்டுதானே. இனி உங்களை ஆர் நம்பிக் கூப்பிடுவினம்?"

அவர் மிரட்டவில்லை. அவளுடைய அலுவலகத்தின் அஸ்திவாரத்தை அவளுக்கு நினைவூட்டினார், அவ்வளவுதான். ரூ காயின் சேலைக்கடை மாடி, அந்த ஒற்றை மேசை, கதவைத் தட்டும் முன் சுற்றுமுற்றும் பார்க்கும் வாடிக்கையாளர்கள் எல்லாம் அவள் கண்முன் வந்தன. கீழே பெடியள் முட்டுக்கொடுக்க ஏதாவது கொண்டுவரக்கூடும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் சத்தமில்லாமல் முடியக்கூடும். ஒரு பிள்ளை இருமியது. சுவருக்குள் கயிறு முறுகியது. அவள் ஜோனத்தானின் கையை இன்னும் விடவில்லை.

வாமதேவன் இப்போது வேறொருவரோடு கதைத்தார்.

"கீர்த்தனன், நீயும் கேட்டுக்கொண்டுதானே நிக்கிறாய்? நான் பிழை விட்டிட்டன். உன்னிலை ஒரு குற்றமும் இல்லை. திங்கட்கிழமை உனக்கு நிரந்தரக் கொந்திரா எழுதித் தாறன். பிரிபெக்சருக்குக் கடிதம் தாறன், வேணுமெண்டால் கூட வாறன். பிள்ளையளைக் கொஞ்சம் அமைதியா வைச்சிரு. பெடியள் வந்திடுவினம்."

கேட்டதைவிட அதிகம் கிடைத்தது. மத்தியானம் வேலையை இழக்கவிருந்தவனுக்குப் பின்னேரத்தில் நிரந்தர ஒப்பந்தம். அதற்கு அவன் செய்யவேண்டியது சும்மா இருப்பது மட்டுமே. கீர்த்தனன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மனத்தில் என்ன ஓடியது என்று தாட்சாயினிக்குத் தெரியவில்லை. தன் மனத்தில் ஓடியதை வைத்து ஊகித்தாள், அதற்காக வெட்கப்பட்டாள். கடைக்குச் சீல் விழுந்தால் கொந்திரா இல்லை. கொந்திரா இல்லாவிட்டால் காட் இல்லை. அவனைக் குற்றமற்றவனாக்கிய அதே உண்மை, வெளியே போனால், அவன் கால்கீழ் நிலத்தையும் எடுத்துவிடும்.

பாலத்தில் அடுத்த மெட்ரோ போனது. விளக்கின் சங்கிலி ஆடியது. எங்கோ சாந்து உதிரும் சத்தம். கதவின் கீழ்மூலையிலிருந்து ஒரு மரச்சிராய் தெறித்து அஜந்தாவின் காலடியில் விழுந்தது.  அவள் பிள்ளைகள் இரண்டு பேரைத் தன் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா" என்றான் கீர்த்தனன். "அந்தக் கதவு எவ்வளவு நேரம் தாங்கும்?"

"தெரியாது."

உண்மையாகவே அவளுக்குத் தெரியாது. அன்று அவள் சொன்னவற்றுள் அந்த ஒரு சொல்லில் மட்டும்தான் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

அவன் தலையசைத்தான். பாரத்தை நடுவில் வைக்காமல், பலகையின் ஓரத்தோடு மெதுவாக நடந்து, முற்றத்தைப் பார்த்த ஜன்னலுக்குப் போனான். இரும்புக் கம்பிக்கு நடுவே இருந்த சின்னக் கண்ணாடிக் கதவு மட்டும் இன்னும் திறந்தது. கீழே முற்றம் நிறைந்திருந்தது. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார், அலவாங்கோடு நின்ற பெடியள், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுள் ஒருவர்கூடக் கைபேசியைக் காதில் வைத்திருக்கவில்லை. வாமதேவன் நடுவில் நின்றார், தலையை இடமும் வலமும் மெல்ல அசைத்தபடி.

கீர்த்தனன் தன் கைபேசியில் இரண்டு எண்களை அழுத்தி, ஒலிபெருக்கியைத் திறந்து, கம்பிகளுக்கு வெளியே நீட்டிப் பிடித்தான். அழைப்பு மணி முற்றம் முழுவதும் கேட்டது. தாட்சாயினியின் விரல்கள் ஜோனத்தானின் மணிக்கட்டிலிருந்து தாமாகக் கழன்றன. அவனும் கைபேசியை உயர்த்தவில்லை. இனி அது தேவைப்படவில்லை.

தீயணைப்புப் படையின் குரல் வந்தது, ஒரு பெண்ணின் அமைதியான குரல். என்ன நடந்தது என்று கேட்டது. கீர்த்தனன் தன்னிடமிருந்த பிரெஞ்சில் சொன்னான்: மர வீடு, சாய்கிறது, மாடியில் பிள்ளைகள், கதவைத் தொடக் கூடாது, கதவு வீட்டைப் பிடித்திருக்கிறது. தெருப் பெயரைச் சொன்னான், வளைவைச் சொன்னான், முற்றத்தின் கடைசி என்றான். வண்டிகள் புறப்பட்டுவிட்டன என்றது குரல். உங்கள் பெயர் என்ன என்று கேட்டது.

கீழே யாரோ, பெயரைச் சொல்லாதே என்று தமிழில் கத்தினார்கள்.

அவன் சொன்னான். முழுப்பெயரையும், தகப்பன் பெயரோடு, நிதானமாக, அந்தப் பெண் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து சொன்னான். அந்த இடத்தோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்று குரல் கேட்டது. கீர்த்தனன் வாமதேவனை நேராகப் பார்த்தான். பொபினியில் அதிகாரியின் முன்னால் சொல்வதற்காகப் பொண்டி அறையில் இரவிரவாகப் பாடமாக்கி வைத்திருந்த வாக்கியத்தை, ஒரு சொல்லும் பிசகாமல், முற்றத்துக்கே கேட்கும்படி பிரெஞ்சில் சொன்னான்:

"நான் இங்கே வேலை செய்கிறேன்."